சமமாக நின்ற சிவப்புத் தண்ணீர்

ரெக்ஸ் ஹாக்ஸ்ட்ராவிடம் அடி வாங்குவது வெர்லின் ஷ்ராடருக்குப் புதிது இல்லை. பள்ளிக்கூட மல்யுத்தக் குழுவில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தவர்கள். பயிற்சி என்ற பேரில் ரெக்ஸ் அவனைத் தினமும் பாயில் போட்டுத் துவைப்பான். ஒருநாள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மடக்கினான், மடக்கினான், தோள்பட்டை கழன்று சத்தம் கேட்கும்வரை மடக்கினான். பயிற்சியாளர் ஓடிவந்து, "டேய், கையை அவன்கிட்டயே விட்டுட்டு வாடா, ராத்திரி அவன் சாப்பிடணும்" என்றார். குழு மொத்தமும் சிரித்தது. வலியில் கண் கலங்கி நின்ற வெர்லினும் சிரித்தான். அமெரிக்காவின் அயோவாவில் அந்தப் பக்கத்து ஊர்களில் பாயில் அழுதவனுக்கு ஒருத்தரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அந்தத் தோள் இன்றைக்கும் காதுக்கு மேலே ஏறாது. அதை வைத்துக்கொண்டு அவன் செய்யும் தொழிலோ, வீடு வீடாகப் போய், வீட்டுக்கடியில் இருக்கும் பேஸ்மென்ட் அறையின் தரையைத் துளைத்துக் கூரைவரை குழாய் ஏற்றுவது. அங்கே மண்ணுக்கடியிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு கசிந்து வீட்டுக்குள் வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. நுரையீரலுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் காலம் கடந்தபிறகு. வெர்லின் வைக்கும் விசிறி அந்தப் பாழாய்ப்போன வாயுவைத் தரைக்கடியிலேயே உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். விசிறி ஓடுகிறதா என்று பார்க்க, குழாயின் மேல் லாடம்போல் வளைந்த ஒரு சின்னக் குழலை ஒட்டிவைப்பான். உள்ளே சிவப்புத் தண்ணீர். விசிறி ஓடினால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி நிற்கும். நின்றுபோனால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். சமமாக இருந்தால் விசிறி செத்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான் சங்கதி.

தொழில் நல்ல தொழில்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எமனைக் காட்டி யாரிடம் போய் வியாபாரம் பேசுவது? "எங்க தாத்தா இதே வீட்டுல தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு, போய்யா" என்று கதவைச் சாத்தினார்கள். கம்பெனியை மூடிவிட்டு மாமனாரின் பன்றிப் பண்ணைக்கே சாணி அள்ளப் போகலாமா என்று வெர்லின் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ரெக்ஸ் கூப்பிட்டான்.

ரெக்ஸ் இப்போது உள்ளூர் வானொலியின் குரல். காலையில் பன்றி விலை, சோள விலை சொல்வது அவன். சனிக்கிழமை 'வீடும் வாசலும்' என்று ஒரு மணி நேரம் ஜனங்களின் போனுக்குப் பதில் சொல்வதும் அவன். ஒழுகுகிற கூரையிலிருந்து ஓடிப்போன பெண்டாட்டிவரை எல்லாவற்றுக்கும் அவனிடம் மருந்து உண்டு. அந்தப் பக்கத்து வானொலிகளில் பண்டமாற்று ஒரு வழக்கம். நீ என் வீட்டுக்கு இலவசமாக வேலை செய், நான் உன்னைப் பற்றி இலவசமாகப் பேசுகிறேன். வெர்லின் போய் ரெக்ஸ் வீட்டில் குழாய் போட்டுக் கொடுத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தான்.

ரெக்ஸ் அதைப் பார்க்கக்கூட இல்லை. கசக்கி எறிந்துவிட்டு, "காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறவன் செத்த பய. என் வீட்டைப் பத்தி என் வாயால சொன்னாத்தாண்டா ஜனம் நம்பும்" என்றான்.

ஜனம் நம்பியது. மூன்று குளிர்காலமாக வெர்லினின் போன் ஓயவில்லை. அவன் பெண்டாட்டி கோனி சமையலறையிலிருந்தே போனை எடுத்து எடுத்து அலுத்துப்போனாள். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்கூட, "ரெக்ஸ் சொன்ன ஆளுதானே நீங்க?" என்று கேட்டார்கள்.

இத்தனைக்கும் அந்த விளம்பரத்தை வெர்லின் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்டதில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்! ஆனால் அந்த மண்ணின் ஆட்களைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். புகழ்ச்சியைக் கேட்டால் கூனிக் குறுகிப் போகிறவர்கள் அவர்கள். பலகாரம் பிரமாதம் என்று சொன்னால் சுட்டவள், "அடியில தீஞ்சுபோச்சு" என்பாள். வானொலியில் "நம்ம வெர்லின் இருக்கானே, தங்கமான மனுஷன்" என்று ரெக்ஸ் ஆரம்பித்ததுமே வெர்லினின் காது சிவந்துவிடும், டிரக்கில் இருந்தால் ரேடியோவை அணைத்துவிடுவான். முடிவெட்டும் கடையில் இருந்தால் பாதித் தலையோடு எழுந்து வெளியே போய்க் குளிரில் நிற்பான். 'தங்கமான மனுஷ'னுக்கு அப்பால் ரெக்ஸ் என்ன சொல்கிறான் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

அந்த ஜனவரியில் ரெக்ஸ் பிடிவாதம் பிடித்தான். "ஜனவரின்னா ரேடான் விழிப்புணர்வு மாசம்டா. நீயே வந்து உக்காரு. ஜனம் உன் குரலைக் கேக்கட்டும்." வெர்லின் மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கொட்டுகிற பனியில் போய் ஸ்டுடியோவில் உட்கார்ந்தான். தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டார்லா, போன்களை எடுத்து இணைப்புக் கொடுக்கிறவள், சூயிங்கம் மென்றபடி அவனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நம்ம வெர்லின் இருக்கானே, தங்கமான மனுஷன்!" என்று ரெக்ஸ் தொடங்கினான். வெர்லினின் கை அனிச்சையாக அணைக்கும் பொத்தானைத் தேடியது. ஹெட்போனில் அப்படி ஒன்று இல்லை. "என் வீட்டுல குழாய் போட்டது இவன்தான். நான் தினமும் கீழ இறங்கிப் போய் அந்தச் சிவப்புத் தண்ணியைப் பார்ப்பேன். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்! மயிரிழை ஏத்த இறக்கம் கிடையாது. அப்பதான் மனசுக்கு நிம்மதி. நீங்களும் போய்ப் பாருங்க. ஒரே மட்டமா இருந்தா பொழைச்சீங்க! ஏறி இறங்கி இருந்தா என்னமோ கோளாறு, சரி பண்ணுங்க!"

வெர்லின் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். காதில் விழுந்தது நிஜம்தானா என்று ஒரு கணம் புரியவில்லை. இதையா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்? இதைக் கேட்டா ஊர் நிம்மதியாகத் தூங்கியது? அவன் கையை ஆட்டினான். ரெக்ஸ், மேடைக்கூச்சம் என்று நினைத்து, அவன் முதுகில் தட்டிவிட்டு முதல் போனை எடுத்தான்.

"வெர்லின் இருக்கானா? நான் ஆர்டன் பிளெக்."

ஆர்டனைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை. எழுபதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்கப் பன்றி வளர்த்தவர். அவர் மனைவி மர்லிஸ் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டவள் இல்லை, நுரையீரல் புற்றுநோயில் இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். வெர்லின் அடக்கத்துக்குப் போய், சர்ச்சின் பேஸ்மென்டில் எல்லாரோடும் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு, ஆர்டனின் கையைப் பிடித்து, "என்ன சொல்றதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"சொல்லுங்க ஆர்டன்" என்றான்.

"வீட்டை விக்கிறேன். அவ இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை. வாங்குறவங்க வீட்டைச் சோதிச்சுப் பார்க்க ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்புனாங்க. மீசை முளைக்காத பய. நீ போட்ட குழாயைப் பார்த்துட்டு, பெரியவரே, விசிறியை ஏன் அணைச்சு வெச்சிருக்கீங்கன்னு கேட்டான். நான் சொன்னேன், தண்ணி ஒரே மட்டமா இருக்கு பாரு, எல்லாம் ஒழுங்காத்தான் இருக்குன்னு. அவன் சிரிச்சான் வெர்லின். ஒரே மட்டமா இருந்தா ஓடலன்னு அர்த்தமாம்."

டார்லா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"நீ குழாய் போட்ட அன்னைக்கு நான் அறுவடைல இருந்தேன். அப்புறம் ரேடியோல ரெக்ஸ் சொன்னதைக் கேட்டுக் கீழ போய்ப் பார்த்தேன். நம்மது ஒரு பக்கம் ஏறி நின்னுச்சு. என்னமோ கோளாறுன்னு நெனச்சேன். இதுக்கு எதுக்கு ஒருத்தனைக் கூப்பிடணும், நம்ம கையில்லையா? சுவிட்சை அணைச்சேன். தண்ணி டக்குனு ஒரே மட்டத்துக்கு வந்துச்சு. சரி பண்ணிட்டேன்னு நெனச்சேன்." அவர் மூச்சு வாங்கினார். "மர்லிஸ் சொன்னா, அதைத் தொடாதீங்க, ஏறி இறங்கித்தான் இருக்கணும்னு வெர்லின் சொல்லிட்டுப் போனான்னு. நான்தான் அவளை அதட்டுனேன். ரேடியோல தினமும் சொல்றாங்க, உனக்கென்ன தெரியும்னேன். அந்த இன்ஸ்பெக்டர் பொய் சொல்றான்னு ஒரு வார்த்தை சொல்லு வெர்லின். நீ சொன்னா நம்புறேன். அது போதும் எனக்கு."

வெர்லின் வாயைத் திறந்தான்.

"அருமையான கேள்வி!" என்று ரெக்ஸ் பாய்ந்தான். "பதில் இடைவேளைக்கு அப்புறம். எங்கயும் போயிடாதீங்க!"

சிவப்பு விளக்கு அணைந்தது. விதைச் சோள விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

"என்னடா உளர்றான் கிழவன்?" என்றான் ரெக்ஸ்.

"அவர் உளறல. நீதான் மூணு வருஷமா உளறியிருக்கே. ஒரே மட்டமா இருந்தா விசிறி செத்துருச்சுன்னு அர்த்தம்டா!"

ரெக்ஸின் முகத்தில் ரத்தம் வற்றியது. அது ஒரு நொடிதான். "நீ ஏன் சொல்லல?"

"எழுதிக் குடுத்தேனே. நீ கசக்கி எறிஞ்சே."

"மூணு வருஷமா தினமும் ஓடுது. உன் விளம்பரத்தை நீ கேக்கவே இல்லையா?"

"கூச்சமா இருக்கும். அணைச்சுடுவேன்."

"கூச்சமா? நாசமாப்போறவனே, கூச்சமா இருக்குன்னு அணைச்சியா? இதைக் கோர்ட்டுல போய்ச் சொல்லு, வக்கீல் கைதட்டுவான்!" ரெக்ஸ் எழுந்து நின்றான். எழுந்தால் அறையில் பாதி அவன்தான். "இப்ப கேளு. விளக்கு எரிஞ்சதும், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி, நேர்ல வந்து பார்க்கிறேன்னு மட்டும் சொல்லு. திங்கக்கிழமை விளம்பரத்தை மாத்திடலாம். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுபோகும்."

"எத்தனை பேரு சுவிட்சை அணைச்சிருக்காங்களோ தெரியாது. குளிர்காலம், எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கு. தினம் ராத்திரி பேஸ்மென்ட்ல குழந்தைங்க தூங்குது ரெக்ஸ்."

"மூணு வருஷம் தூங்கியிருக்கு, இன்னும் ரெண்டு நாள் தூங்கட்டும்."

வெர்லின் டார்லாவின் பக்கம் திரும்பி, மைக்கைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினான். அந்தக் கையை ரெக்ஸ் பிடித்தான். பழைய கை, பழைய பிடி. பின்னால் கொண்டுபோய் மடக்கியதும் வெர்லினின் கன்னம் மேசையில் மோதியது. "உன் கம்பெனி, உன் பொண்டாட்டி, உன் வீடு, எல்லாம் என் வாய்ல இருக்குடா" என்று ரெக்ஸ் அவன் காதுக்குள் சொன்னான். "என் வாய் தப்பு பண்ணுச்சுன்னு நீ சொன்னா, அடுத்த நிமிஷம் நீ ஒண்ணுமே இல்ல."

நியாயம்தான். வானொலியில் வந்த வாழ்வு வானொலியிலேயே போகும் என்று வெர்லினுக்கும் தெரிந்தது. மேசையில் கன்னம் அழுந்தக் கிடந்தபடியே, சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அவனும் ஒரு கணம் நினைத்தான். நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது வாசல் கதவு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஆர்டன் வீட்டிலிருந்து போன் பண்ணவில்லை, ஸ்டுடியோ வாசலில் தன் டிரக்கில் உட்கார்ந்துதான் பண்ணியிருக்கிறார். இடைவேளை என்று சொன்னதும் இறங்கி வந்துவிட்டார். கையில் வெள்ளைக் குழாய். வீட்டிலிருந்து அப்படியே பிடுங்கி எடுத்திருந்தார். ஒரு முனை முறிந்து கத்திபோல் நீட்டிக்கொண்டிருந்தது, மறு முனையில் விசிறி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பீமன் கதாயுதத்தைத் தூக்கி வந்த மாதிரி நின்றார்.

ரெக்ஸ் பிடியை விட்டான். வெர்லின் நிமிர்ந்தான்.

"இடைவேளை எனக்கு வேணாம்" என்றார் ஆர்டன். "இப்ப சொல்லு. அந்தப் பய பொய்தானே சொன்னான்?"

"இல்ல ஆர்டன். அவன் சொன்னதுதான் சரி."

அடி எங்கிருந்து வந்தது என்று வெர்லின் பார்க்கவில்லை. விசிறி இருந்த முனை தாடையில் இறங்கியது. வாயில் ஒரு பல் தனியாக உருண்டது, ரத்தம் உப்புக் கரித்தது. துவைத்த சட்டையின் மேல் துப்பினான். கீழே விழாமல் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆர்டன், அவங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த நோய் வர்றதுக்கு வருஷக்கணக்கா..."

"எனக்கு ஆறுதல் சொல்லாதே!" ஆர்டன் கத்தினார். "நான் அணைச்சேன்டா! இந்தக் கையால அணைச்சேன்! அவ வேணாம் வேணாம்னா! கடைசி மாசம் மாடிப்படி ஏற முடியாம அவளுக்குக் கட்டிலை எங்க போட்டேன் தெரியுமா? பேஸ்மென்ட்ல போட்டேன், கணப்புக்குப் பக்கத்துல, கதகதப்பா இருக்கட்டும்னு!"

அந்த இடத்தில் ரெக்ஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். "உன்னை யாருய்யா அணைக்கச் சொன்னது?" என்றான். "பொண்டாட்டி சொன்னதைக் கேக்காதது உன் தப்பு. ரேடியோ மேல எதுக்குப் பழி போடுறே?"

ஆர்டன் குழாயைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார். ரெக்ஸ் குனிந்தான். விசிறி நடுக்கண்ணாடியைப் பிளந்தது. கண்ணாடி மொத்தமும் சரிந்து டார்லாவின் மேசைமேல் கொட்டியது, அவள் நெற்றியில் ரத்தக் கோடு இறங்கியது. இரண்டாவது வீச்சு ரெக்ஸின் மூக்கில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வெர்லினுக்கே கேட்டது. ரெக்ஸ் முக்காரம் போட்டுக்கொண்டு கிழவரின் இடுப்பைக் கட்டி, தூக்கி, கண்ணாடித் துண்டுகள் மேல் முதுகு அடிபடப் போட்டான். மேலே ஏறி உட்கார்ந்து குத்தினான். ஒரு குத்து, இன்னொரு குத்து. எழுபது தாண்டிய மனுஷனின் முகம் அது. கண் வீங்கி மூடிய பிறகும் குத்தினான்.

"செத்துருவாருடா, விடுடா!" வெர்லின் பின்னாலிருந்து பாய்ந்து நல்ல கையால் ரெக்ஸின் கழுத்தைச் சுற்றி இழுத்தான். இரண்டு பேரும் நாற்காலிகளோடு உருண்டார்கள். காப்பிக் குவளை உடைந்தது. ரெக்ஸின் முழங்கை விலாவில் இறங்கியபோது வெர்லினுக்கு மூச்சே போய்விட்டது.

விதைச் சோள விளம்பரம் முடிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"டார்லா! அடுத்த விளம்பரத்தைப் போடு!" என்று ரெக்ஸ் தரையிலிருந்து அலறினான். "போடுடி!"

டார்லா நெற்றி ரத்தத்தைப் புறங்கையால் வழித்தாள். "எங்கம்மா வீட்டுலயும் அந்தக் குழாய் இருக்கு" என்றாள். "நான் போட மாட்டேன். வெர்லின், மைக் திறந்திருக்கு, பேசு." மாவட்டம் மொத்தத்துக்கும் அது கேட்டது. பன்றிப் பட்டியில், கார்களில், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், எல்லா இடத்திலும் கேட்டது.

வெர்லின் மைக்கை நோக்கித் தவழ்ந்தான். ரெக்ஸ் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். உதைத்துவிட்டு மறுபடி தவழ்ந்தான். ரெக்ஸ் மேலே விழுந்து அந்த இடது கையைப் பிடித்தான், பின்னால் மடக்கினான். எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும், அவன் உண்டாக்கிய வலிதானே. "பேசாதே" என்றான், மூக்கிலிருந்து ரத்தம் வெர்லினின் கழுத்தில் சொட்டியது. "பேசினே, பிச்சு எடுத்துருவேன்."

பள்ளிக்கூட நாளில் இந்த இடத்தில்தான் வெர்லின் பாயைத் தட்டித் தோற்றேன் என்பான். தட்டினால் விட்டுவிடுவார்கள். அன்றைக்குத் தட்டவில்லை. கையைப் போகவிட்டான். கை மடங்கும் பக்கமாகவே தானும் உருண்டான், தோள்பட்டை கழன்றது. அவன் போட்ட அலறலைக் கேட்டு எத்தனையோ சமையலறைகளில் பெண்கள் கையிலிருந்ததைக் கீழே போட்டார்கள். ஆனால் பிடி வழுக்கிவிட்டது. அந்த ஒரு வழுக்கலில் வெர்லின் திரும்பி, ரெக்ஸின் மார்பில் முழங்காலை ஊன்றி, முறிந்த மூக்கின்மேல் நெற்றியால் ஓங்கி முட்டினான். ரெக்ஸ் மல்லாந்தான். வெர்லின் அவன்மேல் முழு எடையையும் போட்டு அமுக்கினான், நல்ல கையால் மேசையிலிருந்து மைக்கை இழுத்துக் கீழே தள்ளினான். அது அவர்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் வந்து விழுந்தது.

"நான் வெர்லின் ஷ்ராடர்" என்றான். வாயில் ரத்தம் கொழகொழத்தது. "ரேடான் குழாய் போடுறவன். இத்தனை நாளா நீங்க கேட்டது தப்பு. தண்ணி ஒரே மட்டமா இருந்தா விசிறி ஓடல. ஓடலன்னா நீங்க அந்த வாயுவைத்தான் குடிச்சுக்கிட்டிருக்கீங்க. இப்பவே கீழ போய்ப் பாருங்க. சுவிட்சைப் போடுங்க. போட்டும் ஒரே மட்டமா இருந்தா என்னைக் கூப்பிடுங்க, காசு வேணாம், வந்து மாத்தித் தர்றேன். குழந்தைங்க கீழ தூங்குனா மேல கொண்டுவாங்க. தப்பு எங்களோடது. என் விளம்பரத்தை நான் கேக்கல."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் இருமினான். கீழே ரெக்ஸ் திமிறிக்கொண்டே இருந்தான். "பொய்!" என்று கத்தினான். "அடிபட்டு மூளை கலங்கிப் பேசுறான்! என் வீட்டுலயே ஒரே மட்டமாத்தான் இருக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன்!"

டார்லாவின் மேசையில் எல்லாப் போன் விளக்கும் ஒன்றாக மின்ன ஆரம்பித்தது. அவள் கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு முதலில் வந்ததை எடுத்தாள். யார் என்று கேட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் இணைப்பை ஸ்டுடியோவுக்குத் தள்ளினாள்.

"அப்பா?"

ரெக்ஸின் மகள் டெஸ்ஸா. பள்ளிக்கூடக் கடைசி வருஷம் படிக்கிறாள்.

"அப்பா, அங்க என்ன நடக்குது? யாரு உங்களை அடிச்சாங்க?"

"ஒண்ணுமில்லடா கண்ணு. போனை வை."

"அவரு சொன்னதைக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். நம்மது ஒரே மட்டமா இருக்கு."

"அது அப்படித்தான்..." ரெக்ஸ் அங்கேயே நிறுத்தினான்.

"சுவிட்ச் ஆஃப்ல இருக்குப்பா. விளம்பரத்தை இங்க கீழதானே பதிவு பண்ணுவீங்க, மைக்ல ரீங்காரம் வருதுன்னு அணைப்பீங்களே, அந்த சுவிட்ச்தான். யாரும் போடாதபடி மேல டேப் ஒட்டியிருக்கு. நீங்கதான் ஒட்டியிருப்பீங்க."

வெர்லினின் முழங்காலுக்கடியில் திமிறிக்கொண்டிருந்த உடம்பு நின்றுவிட்டது. பாயில் எத்தனையோ பேரைப் புரட்டிய உடம்பு, துவண்டு கிடந்தது.

"எப்ப... நீ எப்பக் கீழ மாறின?" என்றான் ரெக்ஸ். மாவட்டம் முழுக்கத் தெரிந்த அந்தக் குரல் இல்லை அது.

"ஒன்பதாவது படிக்கறப்ப. நான்தானே அழுது அழுது கேட்டேன், தனி ரூம் வேணும்னு. நீங்கதானே கட்டிலைக் கீழ இறக்கிக் குடுத்தீங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, அந்த விசிறி ஓடினா சத்தம் வருமா? நான் அதைக் கேட்டதே இல்லையே."

வெர்லின் முழங்காலை எடுத்தான். எடுத்த பிறகும் ரெக்ஸ் எழவில்லை. கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஆர்டன் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கிழிந்து தொங்கியது, ஆனாலும் பேசினார்.

"ஜன்னலைத் திறக்கச் சொல்லுடா" என்றார். "முதல்ல ஜன்னலைத் திறக்கச் சொல்லு."

ரெக்ஸ் புரண்டு படுத்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான். "டெஸ்ஸா, ஜன்னலைத் திறம்மா."

"பனி கொட்டுதுப்பா."

"கொட்டட்டும். எல்லா ஜன்னலையும் திற. திறந்துட்டு மேல வந்துரு. மேல வந்துரு கண்ணு."

பேஸ்மென்ட் ஜன்னல் உயரத்தில் இருக்கும்; போனில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. உறைந்துபோன ஜன்னல் கொக்கியை அவள் தட்டினாள், மறுபடி தட்டினாள். "திறக்க மாட்டேங்குதுப்பா" என்றாள்.